தேசிமரத்துக்கும் குசினிக் கதவுக்கும் நடுவே

1

அறுபத்தைந்து வயது முடிந்த கிழமை எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஓய்வூதியக் காரியாலயத்திலிருந்து. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் எந்த மாதம் எந்தக் குசினியில் பாத்திரம் கழுவினேன் என்பதை வரிசையாக எழுதி, சரியென்றால் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். நானே மறந்துபோன முதலாளிமாரெல்லாம் அதில் இருந்தார்கள். நடுவில் இரண்டு மாதம் விடுபட்டிருக்கிறது, அப்போது எங்கே இருந்தீர்கள் என்று கீழே ஒரு கேள்வி வேறு. முப்பது வருடத்துக்கு முந்திய இரண்டு மாதத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்.

மற்றது என் மகள் வினோதினியின் கடிதம். பாசல் நகரத்தின் மறுகரையில், ட்ராமில் இருபது நிமிடத் தூரத்தில் இருப்பவள் தபாலில் அட்டை போட்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் தமிழ்ப் பள்ளியை விட்டவளின் கோணல் எழுத்து. "அப்பா, சனிக்கிழமை என்ட இடத்துக்கு வாங்க. பரிசு அங்க இருக்கு."

அவளுடைய இடம் என்பது ஒரு குழி. பாசலிலிருந்து ரயிலில் பத்து நிமிடம் போனால் ஔக்ஸ்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அது உரோமர்களின் பெரிய பட்டணம். இன்றைக்கும் அங்கே ஒருவர் கத்தரிப் பாத்தி கொத்தினால் ஓட்டுத் துண்டு வரும். வினோ அங்கே அகழ்வாராய்ச்சிக்காரி. நான் அவளை மருந்தாளராக்கப் பார்த்தேன். அவள் மண்ணைத்தான் அள்ளுவேன் என்று நின்றாள். வயல் வட்டையில் இறங்கி மண் அள்ளாமல் பிழைக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று நான் கத்தியதும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கடிதத்தைப் பார்த்ததும் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. மூன்று வருடமாக அவளோடு தனியாக இருக்கும் சந்தர்ப்பங்களை நான் தவிர்த்து வந்தேன்.

2

ஏன் பயம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சூட்கேசோடு ஆரையம்பதிக்குப் போனவன். அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அந்தச் சூட்கேஸ் மட்டும்தான். வீடும் வளவும் கிணறும் தென்னையும் என் மனைவி பரமேஸுக்கு அவளுடைய தாய் கொடுத்தவை. பரமேஸிடமிருந்து அவை வினோவுக்குப் போக வேண்டும். இதற்கு எழுத்து வேண்டியதில்லை. பிறந்த அன்றே ஊரில், "வீட்டுக்காரி பிறந்திட்டா" என்று சொல்லியிருப்பார்கள். வினோ பாசல் ஆசுபத்திரியில் பிறந்ததால் அதைச் சொல்ல ஆளிருக்கவில்லை. பரமேஸ்தான் தொட்டிலுக்குள் குனிந்து சொன்னாள்.

அந்த வீட்டை நான் விற்றுவிட்டேன். பரமேஸின் பெயரில் இருந்தது, அவள்தான் ஒப்பமிட்டாள், ஆனால் விற்றவன் நான். பரமேஸின் தாய் தகப்பன், என் மாமியும் மாமாவும், காலமான பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. ஓடு விழுந்துவிட்டது, வேலியை யாரோ தள்ளிப் போட்டுவிட்டான், வளவுக்குள் மாடு நிற்கிறது என்று ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் எனக்குத் தலையிடி. கடைசியில் வந்தாறுமூலைப் பக்கத்து ஆள் ஒருவர், கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரருக்கு அறைகள் கட்டப்போவதாகச் சொல்லிக் கேட்டார். சரி என்றேன். எங்களுக்குப் பதிலாக ஊரில் ஒருவர் ஒப்பமிட அற்றோணித் தத்துவம் எழுதித் தூதரகத்தில் முத்திரை குத்த மூன்று முறை ரயில் ஏறினோம். முதல் முறை படம் சரியில்லை, இரண்டாம் முறை காணி உறுதியின் பிரதி தெளிவில்லை. மூன்றாம் முறை வரிசையில் நிற்கும்போது பரமேஸ் கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, புள்ளையிட்ட ஒரு வார்த்தை கேட்டமா?"

"அவளுக்கு ஆரையம்பதி எந்தப் பக்கம் எண்டே தெரியா. சும்மா இருகா."

"தெரியாட்டிலும் அவளுக்குரிய வீடுதானே."

"இஞ்ச கல்லுக் கிண்டுறவள் அங்க போய்க் குடியிருக்கவா போறாள்? மறுகா சொல்லலாம்."

அந்த மறுகா வரவே இல்லை. வாங்கியவர் வீட்டை இடித்து, கிணற்றை மூடி, அறைகள் போக, வாகனம் விடுவதற்காக மிச்ச வளவு முழுவதும் கொங்கிறீற் போட்டுவிட்டதாகப் படம் அனுப்பினார். அந்தப் படத்தைப் பரமேஸுக்குக்கூடக் காட்டாமல் அழித்தேன்.

3

வினோவோடு உரோமர்களின் இடங்களுக்கு நாங்கள் நிறையப் போயிருக்கிறோம். போன இடமெல்லாம் நான் முணுமுணுத்தவன். அவாஞ்ச் என்ற ஊரில் ஒற்றைத் தூண் ஒன்று நிற்கிறது, அதைப் பார்க்கப் பனிக் குளிரில் இரண்டு மணித்தியாலம். இடிந்த சுவரைப் பார்க்க டிக்கெட் வேறா, நம்மட ஊரில் சும்மாவே பார்க்கலாமே என்று பகிடி விட்டேன். வினோ சிரிக்கவில்லை.

அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது எங்களை உரோமுக்குக் கூட்டிப்போனாள். பெரிய பெரிய மண்டபங்கள் என் மனதில் நிற்கவில்லை. ஒஸ்தியா என்று, உரோமுக்குப் பக்கத்தில் பழைய துறைமுகப் பட்டணம் ஒன்று. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கல்லால் கட்டிய மேசை, பின்னால் தட்டுகள் வைக்கும் படி, சுவரில் அன்றைய சாப்பாட்டைப் படமாகவே வரைந்திருக்கிறார்கள். கழுவுகிற தொட்டியைப் பார்த்ததும் குனிந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். இங்கே நின்றவனுக்கும் இடுப்பு நாரி நொந்திருக்கும் என்று அன்றைக்கு முதன்முதலாக ஒரு உரோமன்மேல் எனக்கு இரக்கம் வந்தது.

அங்கே வீடுகளின் சுவர்கள் முழங்கால் உயரம்தான் மிஞ்சியிருக்கின்றன. நான் ஒரு வீட்டின் சுவரைத் தாண்டிக் குறுக்கே போகக் காலைத் தூக்கினேன். வினோ என் கையைப் பிடித்தாள்.

"சுவரால ஏறாதீங்க அப்பா. வாசல் அங்க இருக்கு. வாசலால வாங்க."

"வீடே இல்ல, மறுகென்ன வாசல்?"

"இருந்த ஆக்களுக்கு இருந்திச்சுத்தானே."

சுற்றி வந்து, வாசல் இருந்த இடைவெளியால்தான் நுழைந்தோம். பரமேஸ் பழக்கதோசத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

ஆனால் வினோவின் கிறுக்கு உரோமில் தொடங்கியது அல்ல. எட்டு வயதில் பள்ளிக்கூடத்தால் ஔக்ஸ்ட் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வெள்ளிப் பாத்திரக் குவியல் ஒன்று இருக்கிறது. தட்டுகள், கரண்டிகள், மெழுகுதிரித் தண்டு. எதிரி வருகிறான் என்று கோட்டைக்குள் யாரோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து எடுக்கவே இல்லை. ஆயிரத்தறுநூறு வருடத்துக்கு மேல் கிடந்து, கட்டட வேலை நடக்கும்போது வெளியே வந்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்த பிள்ளை சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்டாள்.

"அப்பா, நாங்களும் என்னெண்டாலும் தாட்டு வெச்ச நாங்களா?"

தாட்டு வைத்திருக்கிறோம் என்றேன். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடும்போது மாமி தன் பித்தளைச் சாமான்களை வளவுக்குள் புதைத்தார். குத்துவிளக்கு, குடம், வெற்றிலை வட்டா, எல்லாம் அவருடைய தாயின் சாமான்கள். மாமி கெட்டிக்காரி. அளந்து புதைத்தார். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைக் குசினிக் கதவு நிலையில் பிடித்து, தேசிமரத்தை, எலுமிச்சையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், நேரே பார்த்து இழுத்துக்கொண்டு போய், கயிறு முடிந்த இடத்தில் கிடங்கு வெட்டினார். எனக்கும் பரமேஸுக்கும் அந்த இடத்தைச் சொல்லவில்லை. பிடிபட்டால் அடிக்குப் பயந்து சொல்லிவிடுவோம் என்ற எண்ணம். அளவை மட்டும் பிறகு சொன்னார்.

மாதக்கணக்கில் அகதி முகாமில் இருந்துவிட்டு வந்து பார்த்தால் ஓலைக் குசினி எரிந்துபோயிருந்தது. தேசிமரத்தை யாரோ வேரோடு பிடுங்கியிருந்தார்கள். கயிறும் வாளியும் இல்லை. அளந்த மூன்றும் போய்விட்டன. மாமி நாலைந்து இடத்தில் கிண்டினார். பிறகு, கிடக்கட்டும், புள்ளைகள் உசிரோட இருக்குதுகள் என்று விட்டுவிட்டார்.

பிள்ளையைச் சாப்பிட வைப்பதற்காக இதை நான் எத்தனையோ முறை கூட்டிக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை குடத்துக்குள் நாகபாம்பையும் படுக்க வைத்தேன். பிள்ளை வளர்ந்ததும் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் கோவிலுக்கு வர மறுத்தாள், வெள்ளிக்கிழமையும் மீன் சாப்பிட்டாள், என்னோடு பாதி டொச் மொழியில் சண்டை பிடித்தாள். எங்கள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று சொந்தக்காரரிடமெல்லாம் நானே சொல்லித் திரிந்தேன்.

4

சனிக்கிழமை குழியில் வேறு யாரும் இல்லை. மேலே வெள்ளைத் தறப்பாள் கூடாரம். வினோ எனக்கு ஒரு தலைக்கவசத்தைப் போட்டுவிட்டு ஏணியால் இறக்கினாள்.

"இந்தக் காணிக்காரர் காருக்கு ஒரு கராஜ் கட்டப் போறார்" என்று விளங்கப்படுத்தினாள். "இஞ்ச மண்ணுல கை வைக்க முதல் எங்களுக்கு அறிவிக்கணும். நாங்க தோண்டிப் பாத்து, கீறி, எழுதி முடிச்ச பிறகுதான் அவர் கொங்கிறீற் போடலாம்."

"பாவம் மனிசன். எவ்வளவு காலம்?"

"நாலு மாதம். ஏசிக்கொண்டுதான் நிக்கிறார்."

அவளுடைய பலகையில் ஒரு படிவம் செருகியிருந்தது. திகதி, காலநிலை, இடம், காணி உரிமையாளர் என்று கட்டங்கள். இந்த நாட்டில் உரோமனும் படிவம் நிரப்பாமல் வெளியே வர முடியாது என்றேன். இந்த முறை சிரித்தாள். அந்தச் சிரிப்பு பரமேஸினுடையது.

பிறகு நிலத்தைக் காட்டினாள். எனக்கு வெறும் மஞ்சள் மண்தான் தெரிந்தது. அவள் தண்ணீர் தெளித்ததும் கறுப்பாக ஒரு வட்டம் எழும்பி வந்தது.

"இது மரத் தூண் நிண்ட இடம். மரம் உக்கிப் போச்சு, ஆனா அதுட இடம் போகல்ல. அங்க, அந்தக் கரிப் படை, எரிஞ்ச குசினி. இந்தப் பள்ளம் மரத்துட வேர்க் கிடங்கு. பிடுங்கினா வேற மண் வந்து விழும்தானே, அந்த நிறம் மாறவே மாறாது."

எரிந்த குசினி. பிடுங்கிய மரம். ஏன் இந்த இரண்டையும் எனக்குத் தெரிந்தெடுத்துக் காட்டுகிறாள் என்று விளங்கத் தொடங்கியது.

"அப்பா, நம்மட கிணத்துல எத்தின இழுவைக்குத் தண்ணி வரும்?"

யோசிக்காமலே என் கைகள் எழும்பிவிட்டன. மாப்பிள்ளையாகப் போன வீட்டில் இரண்டு வருடம் காலையிலும் பின்னேரத்திலும் நான் அள்ளிய தண்ணீர். வெறும் காற்றில் கயிற்றை இழுத்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதில் வாளி கிணற்றுக் கட்டுக்கு வரும். ஆவணியில் அஞ்சு.

"திருப்பி இழுங்க" என்றாள். இடுப்பிலிருந்த அளவு நாடாவை எடுத்து, என் ஒரு கைக்கும் மறு கைக்கும் இடையில் பிடித்து அளந்தாள். குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். "வாளியில கட்டுறதுக்கும் தூணில கட்டுறதுக்கும் எவ்வளவு விடுறது?"

"ரெண்டு முழம் இருக்கும்."

"அப்ப கயிறு இவ்வளவுதான்!" அவள் கண்கள் மினுங்கின. இருபத்தொன்பது வயதுப் பெண் எட்டு வயதுப் பிள்ளையாக நின்றாள். "இப்ப பரிசைத் தாறன்."

5

அவள் தந்தது ஒரு வரைபடம். தடித்த தாளில், பென்சிலால், அளவுகோல் வைத்துக் கீறிய எங்கள் ஆரையம்பதி வளவு. ஒன்பது வயதில் ஒரே ஒரு முறை போய் வந்தவள். அன்று கிணற்றடியிலிருந்து வாசல் படலைவரைக்கும் காலடியால் அளந்து பள்ளிக் கொப்பியில் எழுதி வைத்தவளாம். மிச்சத்தைப் பழைய கலியாணப் படங்களிலிருந்தும், தாயிடம் கேட்டும் சேர்த்திருக்கிறாள். நிச்சயமாகத் தெரிந்தவை முழுக் கோடு, ஊகித்தவை விட்டு விட்டுக் கீறிய கோடு. கிணறு முழுக் கோடு. குசினியும் தேசிமரமும் விட்ட கோடு.

"ஆவணியில லீவு எடுத்திருக்கிறன். நிலத்துக்குள்ள பாக்கிற கருவி ஒண்டு தாறம் எண்டு சொல்லியிருக்கிறாங்க. நீங்களும் அம்மாவும் வாறீங்க. கரிப் படையக் கண்டா குசினிக் கதவு. வேர்க் கிடங்கைக் கண்டா தேசிமரம். கயிறு நீங்க தந்திட்டீங்க. ரெண்டு நாள் வேலை அப்பா."

மாமி, மாமா, நான், பரமேஸ், ஊரார், ஒருவருக்கும் தெரியாமல் போன இடம். அழிந்துபோனவை என்று நாங்கள் கைவிட்ட மூன்று அடையாளமும் இவள் கண்ணுக்குத் தெரியக்கூடியவை. அதற்காகத்தான் இவ்வளவு காலமும் படித்திருக்கிறாள். என்னை விட்டு விலகிப் போகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொன்ன பாதை ஆரையம்பதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

சொல்லாமல் விடலாமா என்று அப்போதும் ஒரு கணம் நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"மகள், அந்த வளவு இப்ப நம்மட இல்ல" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியும் நான் முழுவதையும் சொல்லட்டும் என்று நின்றாள். சொன்னேன். விற்றதை, தூதரகத்துக்குப் போனதை, அம்மா கேட்டதை, நான் சும்மா இரு என்றதை.

"எப்ப?"

"மூண்டு வருசம்."

"வீடு?"

"இடிச்சிட்டாங்க."

"கிணறு?"

"மூடிட்டாங்களாம். வளவு முழுக்கக் கொங்கிறீற்."

"அத்திவாரம் வெட்டக்குள்ள என்னெண்டாலும் வந்ததா எண்டு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்தப் பித்தளைச் சாமான்கள் என் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெளித்த தண்ணீர் காய்ந்து, அது மறுபடியும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

வினோ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"இஞ்ச ஒரு கராஜ் கட்டுறதுக்கும் எங்களுக்கு ஒரு கடிதம் போடுவாங்க அப்பா" என்றாள். "நீங்க எனக்கு ஒரு போன் கோல் எடுக்கல்ல."

நாடாவைச் சுற்றி இடுப்பில் மாட்டினாள். தறப்பாளை இழுத்துக் குழியை மூடத் தொடங்கினாள். மறு முனையை நான் பிடித்தேன். பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயில்வரைக்கும் வந்து, பெட்டியின் கதவு மூடும்வரை நின்றாள். வரைபடத்தை உருட்டி, திருத்துவதற்குப் பென்சிலும் அழிறப்பரும் சேர்த்து என் கையில் வைத்து, "தெரிஞ்ச ஆக்கள் இருக்கக்குள்ளயே எழுதணும். நீங்களும் அம்மாவும் பாத்துத் திருத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

6

வீட்டுக்கு வந்ததும் பரமேஸ் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டன்."

"என்ன சொன்னாள்?"

சொன்னேன். பரமேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். "அண்டைக்கே கேட்டன்" என்றாள். அதற்குப் பிறகு, "நானும் ஒப்பம் வெச்சவதானே" என்று அழுதாள். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே வாங்கியவருக்கு அழைத்தேன். அத்திவாரம் வெட்டியபோது பித்தளைச் சாமான் ஏதும் வந்ததா என்று கேட்டேன். "மெசின்காரன்தான் வெட்டின அண்ணே, நான் நிக்கல்ல. மண்ணெல்லாம் எங்கயோ ஏத்திட்டுப் போயிட்டாங்க" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் மெசின்காரனுக்காவது ஞாபகம் இருந்திருக்கும்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்க நினைத்துக்கொண்டு இதை வாசிப்பவர் யாரும் இருந்தால், விற்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளைக்கு ஒரு அழைப்பு எடுங்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்களாக முடிவு எடுக்காதீர்கள்.

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கோப்பை வைத்து, இரண்டு பேரும் திருத்தப் பார்த்தோம். குசினிக் கதவு கிழக்கே பார்த்தது என்கிறாள் பரமேஸ். வடக்கே பார்த்தது என்கிறேன் நான். பிறந்து வளர்ந்தவள் சொல்வதே சரியாக இருக்கும். ஆனால் அவளும் பிறகு, வெயில் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு பென்சிலை மேசையில் வைத்துவிட்டாள். இரண்டு கிழமையாகியும் ஒரு கோட்டைக்கூட எங்களால் முழுக் கோடாக மாற்ற முடியவில்லை.

தாளின் கீழ் மூலையில், குழியில் பார்த்த அதே படிவத்தைப் போல வினோ கட்டங்கள் கீறியிருக்கிறாள். அதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். இடம்: ஆரையம்பதி. காலநிலை என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது, போய் நின்றுதான் எழுத நினைத்திருப்பாள். காணி உரிமையாளர் என்ற கட்டத்தில், தமிழில், கோணல் எழுத்தில், தன் பெயரை எழுதியிருக்கிறாள்.

ரயிலடியில் இந்தத் தாளை என்னிடம் தரும்போது அவள் கையில் அழிறப்பரும் இருந்தது. அவள் அந்தப் பெயரை அழிக்கவில்லை.